வாசகர் கேள்வி பதில்: டெல்லித் தமிழர் கூடத்தில் லத்தீனோ கவிதை

போன இதழில் இதைப் பற்றி நான்கே வரிதான் எழுதினேன். மயூர் விகாரில் எங்கள் குடியிருப்புக் கூடத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை லத்தீனோ கவிஞர்களை, அதாவது லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட கவிஞர்களைத் தமிழில் வாசிக்கிறோம், மூலமும் கொஞ்சம் காதில் விழும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சந்தோஷமாக எழுதியவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, எந்த மெட்ரோவில் இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டவர்களும் உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு, இந்த மாதப் பக்கத்தை முழுக்க இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: சங்கப் பாட்டு இருக்கிறது, ஆழ்வார்கள் இருக்கிறார்கள், பாரதி இருக்கிறார். டெல்லியில் பிறந்த நம் பிள்ளைகள் அதையே தொடுவதில்லை. இதில் மெக்சிகோக்காரரையும் பெரு நாட்டுக்காரரையும் கூட்டிவந்து என்ன செய்யப் போகிறீர்கள்?
(வாசகர், ஜனக்புரி)

பதில்: ஐயா, நானும் அந்த வருத்தத்தில்தான் இதைத் தொடங்கினேன். எங்கள் பகுதியில் வருடா வருடம் பாரதி விழா நடக்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறார்கள், அப்புறம் அடுத்த டிசம்பர் வரை அந்தப் பாட்டு அவர்கள் வாயில் வருவதில்லை. பாட்டு அவர்களுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெரியவர்களுடைய சாமான், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற மாதிரி அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

லோர்னா டீ செர்வாண்டெஸ் என்று ஒரு கவிஞர், 1954-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், மெக்சிகோ வழிக் குடும்பம். வெளியே பிள்ளைகள் அவமானப்படக் கூடாது என்று வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசவைத்து வளர்த்தார்கள். 1981-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் ‘அகதிக் கப்பல்’ என்று ஒரு சின்னக் கவிதை இருக்கிறது. பாட்டி பைபிளோடு உட்கார்ந்திருக்கிறாள், பேத்தி அவள் பார்வையில் நிற்காமல் நழுவிப் போகிறாள். ஸ்பானிஷ் சொற்கள் அவள் நாக்கில் தடுக்குகின்றன, ஆனால் கண்ணாடியைப் பார்த்தால் அதே கறுத்த முடி, அதே செம்பு நிறத் தோல். கரையே தொடாத ஒரு கப்பலில் சிறைப்பட்ட மாதிரி இருக்கிறது என்கிறாள். கவிதை ஆங்கிலத்தில் இருக்கிறது. முடியும்போது அந்தக் கப்பல் வரி மட்டும் இன்னொரு தடவை வருகிறது, ஸ்பானிஷில்.

இதைத் தமிழாக்க உட்கார்ந்தோம், நகரவில்லை. எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டால் அந்தக் கடைசி வரிக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஸ்பானிஷிலேயே விட்டால் கூடத்தில் யாருக்கும் வலிக்காது. அப்போது எங்களோடு இருந்த ஒரு அம்மா, பள்ளியில் ஹிந்தி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், “நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த மொழி சரளமாக வருகிறது? ஹிந்திதானே? அப்படியானால் கவிதையை ஹிந்தியில் போடுங்கள், கடைசி வரியை மட்டும் தமிழில் வையுங்கள்” என்றார். அப்படியே செய்தோம்.

வாசித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அதனால் அந்த ஒரே தமிழ் வரியையும் தேவநாகரியில்தான் எழுதி வைத்திருந்தாள். ‘ஒருநாளும் கரை தொடாத கப்பல்.’ தாளை நான் பார்த்தேன். நாளும் என்பதில் வரும் ள-வுக்குப் பள்ளி ஹிந்தியில் எழுத்து இல்லை, ஆகவே ல போட்டு, அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் ‘நாக்கை மடி’ என்று அவள் அம்மாவின் கையெழுத்து. அந்த இடம் வந்ததும் ஒரு நொடி நின்றாள், நாக்கை மடித்தாள், சரியாகச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த அவளுடைய பாட்டி, தென்காசிப் பக்கத்துக்காரர், “இன்னொரு தரம் சொல்லு” என்றார். மூன்று தரம் சொல்ல வைத்தார். அடுத்த மாதம் அந்தப் பெண் அதே வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள், கோணல் மாணலாக, ஆனால் வட்டம் இல்லாமல். இப்போது பாரதியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள், ஐயா. பதினைந்து வருடப் பாரதி விழா அவளிடம் செய்யாததை ஒரு கலிபோர்னியாப் பெண்ணின் கவிதை செய்தது, அதை நான் எப்படி நிறுத்துவது?

கேள்வி: லத்தீனோ, ஹிஸ்பானிக், லத்தீன் அமெரிக்கர் எல்லாம் ஒன்றா? செப்டம்பரில் ஏன் ஆரம்பித்தீர்கள்?
(கல்லூரி மாணவர், வடக்கு வளாகம்)

பதில்: ஒன்றில்லை தம்பி. ஸ்பானிஷ் மொழி வழி வந்தவர்கள் ஹிஸ்பானிக், அதனால் ஸ்பெயின்காரரும் அதில் அடக்கம். லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டு அமெரிக்காவில் வாழ்பவர்கள் லத்தீனோ, பெண்ணானால் லத்தீனா. பிரேசில்காரர் போர்த்துகீசியம் பேசுகிறவர், அவர் லத்தீனோ ஆவார், ஹிஸ்பானிக் ஆக மாட்டார். நாங்கள் அமெரிக்காவில் எழுதுகிற லத்தீனோக்களையும், அவர்களுக்கு மூதாதைகளான தென்னமெரிக்கக் கவிஞர்களையும் சேர்த்தே வாசிக்கிறோம். தாத்தாவைத் தெரியாமல் பேரனைப் புரிந்துகொள்ள முடியாது.

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மரபு மாதம். 1968-ல் ஒரு வாரமாகத் தொடங்கி 1988-ல் மாதமாக்கினார்கள். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஐந்துக்கும் செப்டம்பர் 15 சுதந்திர தினம், மறுநாள் மெக்சிகோவுக்கு. அங்கே நூலகங்களிலும் ஊர்க் கூடங்களிலும் கவிதை வாசிப்பு நடக்கிற காலம் அது, நாமும் அன்றைக்கே தொடங்கலாம் என்று தோன்றியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பண்ணைத் தொழிலாளிகளான மெக்சிகோ வழிப் பெற்றோருக்குப் பிறந்த ஹுவான் ஃபெலிபே எரேரா 2015-ல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் ஆனார், லத்தீனோக்களில் அவர்தான் முதல். 2022-ல் ஆடா லிமோன். வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் புறப்பட்ட விண்கலத்தில் லிமோனுடைய கவிதை அவர் கையெழுத்திலேயே பொறிக்கப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தமிழில் வாசித்த அன்று பிள்ளைகள் விட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு இயற்பியல் ஆசிரியரைத் தேட வேண்டியிருந்தது.

கேள்வி: ஒக்தாவியோ பாஸ் டெல்லியில் இருந்தவர் என்று என் மேலதிகாரி ஒருவர் அந்தக் காலத்தில் சொல்வார். நான் மதுரைக்காரன், மத்திய அரசுப் பணியில் 1967-ல் இங்கே வந்தேன். பாஸ் நம் பக்கத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா?
(வாசகர், லோதி காலனி)

பதில்: ஐயா, நீங்கள் வந்தபோது அவர் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தார். 1962 முதல் 1968 வரை மெக்சிகோவின் தூதர், பிருத்விராஜ் ரோட்டில் வீடு. அந்தத் தோட்டத்து வேப்ப மரத்தடியில்தான் மேரி ஜோசேயை மணந்துகொண்டார். பிற்பாடு எழுதிய கவிதைகளிலும் அந்த வேப்ப மரம் வருகிறது. லோதி தோட்டம், உமாயூன் கல்லறை, நிஜாமுதீனில் அமீர் குஸ்ரோவின் சமாதி, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கவிதை இருக்கிறது. இவை 1969-ல் வந்த ‘கிழக்குச் சரிவு’ தொகுப்பில் உள்ளவை.

நீங்கள் கேட்ட மதுரையும் அதில் இருக்கிறது, தலைப்பே ‘மதுரை’தான். வெள்ளைக்காரர்கள் போய்விட்ட பழைய பிரிட்டிஷ் கிளப், மதுவில்லாத பார், ஒரு உள்ளூர் பெரிய மனிதர் ஆரஞ்சு பானத்தைக் குடித்து முடித்துக்கொண்டே பெருமை பேசுகிறார். எங்கள் ஊர் புண்ணிய ஊர், இந்தியாவிலேயே பெரிய கோயில் எங்களிடம், துணைக்கண்டத்திலேயே பெரிய மோட்டார் காரேஜும் எங்களிடம், எனக்கு இரண்டோடும் தொடர்பு உண்டு என்று. அது எந்த காரேஜாக இருக்கும் என்று மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் பேசிக்கொண்டே போக, நடுநடுவே அடைப்புக்குறிக்குள் கவிஞர் தன் போக்கில் ஏதோ முணுமுணுக்கிறார். மீனாட்சி, லவங்கப்பட்டை நிறத்து தேவி. அப்புறம், உன் கண்கள் இரண்டு மீன்கள். மெக்சிகோவிலிருந்து வந்தவர் மீனாட்சி என்ற பெயரைப் பிரித்துப் பார்த்து, அதற்குள் இருக்கிற மீனையும் கண்ணையும் எடுத்து, யாரோ ஒரு பெண்ணிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார். நாம் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறோம், அதில் மீன் நீந்துவது எத்தனை பேர் காதில் விழுகிறது? இந்த இடத்தைத் தமிழில் வாசிக்கும்போது அடைப்புக்குறியை எப்படிக் காட்டுவது என்று யோசித்து, பெருமை பேசுகிறவருக்கு ஒரு குரல், அடைப்புக்குறிக்கு இன்னொரு குரல் என்று இரண்டு பேரை வைத்தோம். உங்களுக்கு மதுரைப் பேச்சு வரும் என்றால் முதல் குரலுக்கு நீங்களே வாருங்கள்.

ஊட்டிக்குத் தோடர்களைத் தேடிப் போனதையும் எழுதியிருக்கிறார். கன்னியாகுமரிப் பக்கம் வண்டி பழுதாகி வெளியில் நின்றுவிட, கழுத்தளவு தண்ணீரில் மரங்களும் வெள்ளைக் கொக்குகளுமாக இன்னொரு கவிதை.

ஆனால் எனக்கு டெல்லி பாஸ் என்றாலே 1968 அக்டோபர்தான் நினைவுக்கு வரும். ஒலிம்பிக் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால், அக்டோபர் 2-ம் தேதி, மெக்சிகோ நகரத்தில் த்லதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை ராணுவம் சுட்டது. செய்தி இங்கே வந்ததும் ஒரு சிறு கவிதை எழுதினார், அதில் நகராட்சி ஊழியர்கள் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். தூதர் பதவியையும் விட்டார். 1990-ல் நோபல் வாங்கினார், எல்லோரும் அதைச் சொல்வார்கள். நீங்கள் டெல்லிக்கு வந்த மறு வருடம், உங்கள் அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒருவர் தன் அரசாங்கத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லிவிட்டு வேலையை விட்டிருக்கிறார். லோதி தோட்டத்தில் குளிர்கால வெயிலில் ஆறு பேர் உட்கார்ந்து அந்தச் சிறு கவிதையை வாசித்தோம், வாசித்து முடித்து ரொம்ப நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கேள்வி: நெரூதாவையும் வாசிப்பீர்களா? கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்ணை அவர் என்ன செய்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். தெரிந்துதான் கூடத்தில் அவர் படத்தை மாட்டினீர்களா?
(வாசகி, துவாரகா)

பதில்: அம்மா, படத்தை எடுத்துவிட்டோம். உங்கள் கடிதம் வந்த வாரமே எடுத்துவிட்டோம். எனக்குத் தெரியும், தெரிந்தும் மற்ற படங்களோடு அதுவும் மாட்டப்பட்டபோது பேசாமல் இருந்தேன். அது என் தப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெரூதா சிலியின் தூதரக அதிகாரியாக 1927-ல் ரங்கூன், 1929-ல் கொழும்பு என்று வந்தவர். கொழும்பில் வெள்ளவத்தையில் கடலோர பங்களா. அங்கே தினமும் காலையில் கழிப்பறை வாளியை எடுத்துச் சுத்தம் செய்ய ஒரு தமிழ்ப் பெண் வருவார், ஒடுக்கப்பட்ட சாதி. ஒரு நாள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துப் படுக்கைக்கு இழுத்துக்கொண்டு போனதை நெரூதாவே எழுதுகிறார். அந்தப் பெண் முழு நேரமும் கண்ணைத் திறந்தபடி சிலை மாதிரிக் கிடந்தார், என்னை வெறுத்தது சரிதான் என்றும் எழுதுகிறார். நெரூதா இறந்த பிறகு 1974-ல் வந்த நினைவுக் குறிப்பு நூலில் இருக்கிறது. பலாத்காரம் என்ற சொல்லை அவர் எழுதவில்லை, நாம் எழுதுவோம். அந்தப் பெண்ணின் பெயரும் அதில் இல்லை.

சிலியிலேயே இது பெரிய விஷயமானது. 2018-ல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் பேச்சு எழுந்தபோது பெண்கள் அமைப்புகள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தன.

அவரை வாசிக்கவே கூடாதா என்று எங்களுக்குள் இரண்டு ஞாயிறு விவாதம் நடந்தது. தமிழில் நெரூதாவுக்கு நிறைய வாசகர்கள். சுகுமாரன் மொழிபெயர்ப்பில் அவரைப் படித்து எழுத வந்தவர்கள் இருக்கிறார்கள், நானும் இருபது வயதில் அந்தக் காதல் கவிதைகளை நோட்டில் எழுதி வைத்தவள்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம், எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். அவரைத் தனியாகக் கொண்டாடும் மாலை கிடையாது. அவர் கவிதையை வாசிக்கிற அன்று அந்த வெள்ளவத்தைப் பக்கத்தையும் தமிழில் முழுக்க வாசிப்போம், கவிதைக்கு முன்னால். நாம் தமிழர்கள், அந்தப் பெண் நம்மவர், உலகத்தில் வேறு எந்த மொழிக்காரர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனாலும் நம்மால் முடியாது.

சிலிக் கவிஞர்களில் முதல் வாசிப்பு மாலையைக் கப்ரியேலா மிஸ்த்ராலுக்குக் கொடுத்தோம். கிராமப் பள்ளிக்கூட ஆசிரியை. லத்தீன் அமெரிக்காவுக்கு முதல் இலக்கிய நோபல் வாங்கிக் கொடுத்தவர், 1945-ல், நெரூதாவுக்கு 26 வருடம் முன்னால். தெமுக்கோ ஊரில் அவர் தலைமை ஆசிரியையாக இருந்தபோது பள்ளிப் பையனாக இருந்த நெரூதாவுக்கு ரஷ்ய நாவல்கள் கொடுத்துப் படிக்கச் சொன்னவரும் அவர்தான். குளிரில் நீலம் பாய்ந்த குழந்தைப் பாதங்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். பார்த்துக்கொண்டே போகிறார்களே, ஒருவரும் போர்த்தவில்லையே, கடவுளே என்று கேட்கிறார். ஜனவரியில் நிஜாமுதீன் சிக்னலில் பேனா விற்கிற பிள்ளைகளின் காலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: ஸ்பானிஷ் தெரியாமல் மூலத்தை எப்படி வாசிக்கிறீர்கள்? தமிழாக்கத்துக்கு ஆங்கிலம் வழியாகத்தானே வருகிறீர்கள், அது சக்கையாக இருக்காதா?
(வாசகர், நொய்டா)

பதில்: முதல் பாதிக்கு நல்ல செய்தி. தமிழ் நாக்கு ஸ்பானிஷுக்கு நன்றாக வளையும். அவர்களுக்கும் அ, எ, இ, ஒ, உ மாதிரி ஐந்து சுத்தமான உயிர் ஒலிகள். நம்மைப் போலவே க, த, ப-வில் மூச்சுக்காற்றை ஊதுவதில்லை. தலையில் நெளி போட்ட N எழுத்து ஒன்று இருக்கிறது, ஹிந்திக்காரர்கள் அதற்கு ன்ய என்று திணறுவார்கள், நமக்கு அது சாட்சாத் ஞ. அப்புறம் பெரோ என்று ர போட்டுச் சொன்னால் ‘ஆனால்’ என்று அர்த்தம், நாக்கை உருட்டி ற மாதிரி அழுத்தினால் நாய். ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசம் ஏன் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க இதைவிடப் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. மூலம் வாசிக்க, பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படிக்கிற ஒரு தமிழ்ப் பெண் வருகிறார். ஜேஎன்யூவிலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் உண்டு, கன்னாட் பிளேஸ் பக்கம் ஹனுமான் ரோட்டில் செர்வாந்தெஸ் மையம் இருக்கிறது. உங்கள் பகுதியில் ஆரம்பிக்க நினைத்தால் அங்கே படிக்கிற ஒருவரைப் பிடியுங்கள். ஒரு கவிதை மட்டும் மூலத்தில், அதுவும் தமிழுக்கு முன்னால். பின்னால் வைத்தால் யாரும் கேட்பதில்லை, காபிக்கு எழுந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பாதி நியாயமான குறை. ஆங்கிலம் வழி வந்தால் ருசி போகத்தான் செய்கிறது. அதனால் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பானிஷ் வரியைச் சொல் சொல்லாக அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் தமிழ் எழுதுகிறோம். ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். செஸார் வயேஹோ, 1892-ல் பெருவின் மலையூர் ஒன்றில் பிறந்து 1938-ல் பாரிஸில் வறுமையில் இறந்தவர். அவருடைய முதல் தொகுப்பின் முதல் கவிதை ‘கறுப்புத் தூதர்கள்’. முதல் வரியின் அர்த்தம் எளிது. வாழ்க்கையில் அடிகள் உண்டு, அவ்வளவு பலமான அடிகள், அங்கே வாக்கியம் அறுந்துவிடுகிறது, ஒரு கத்தல், யோ நோ சே. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். நான் முதலில் ‘நான் அறியேன்’ என்று எழுதினேன், வாசித்துப் பார்த்தால் தேவாரம் மாதிரி கம்பீரமாக நிற்கிறது, அடிபட்டவன் குரல் இல்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று போட்டோம், அரசாங்க அலுவலகத்தில் ஃபைலைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில் மாதிரி ஆனது. ‘தெரியவில்லை’ என்பதும் ஆறிப்போய் இருந்தது. கடைசியில் ஒருவர், மனைவியை ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியு வாசலில் பதினோரு நாள் காத்திருந்து இழந்தவர், மெதுவாக “எனக்குத் தெரியலையே” என்று சொன்னார். அந்த ஏகாரம். அதைத் தவிர வேறு எதையும் போட முடியவில்லை. எழுத்துத் தமிழ் இல்லை என்று ஒரு பெரியவர் மறுத்தார், அவர் சொல்வதும் சரிதான், ஆனால் கவிதை அந்த வரிக்கே திரும்பி வந்துதான் முடிகிறது. இரண்டாவது தரம் அந்த ஏகாரம் வரும்போது கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கூடவே சொன்னார்கள்.

தமிழில் இந்த வேலை நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரம்மராஜன் நடத்திய மீட்சி போன்ற சிற்றிதழ்கள் இணையம் எதுவும் இல்லாத காலத்திலேயே இந்தக் கவிஞர்களைக் கொண்டுவந்தன. பழைய இதழ் யார் பரணிலாவது இருந்தால் எங்களுக்கு ஒளிநகல் எடுத்துக்கொள்ளக் கொடுங்கள்.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற கவிதை உண்டா? எல்லாம் சாவும் சோகமுமாக இருக்கிறதே.
(வாசகி, கரோல் பாக்)

பதில்: உண்டு. உம்பெர்தோ அகபால், குவாத்தமாலாவின் மாயா இனக் கவிஞர், கிசே மொழியில் எழுதித் தானே ஸ்பானிஷில் ஆக்கியவர். பறவைகளின் சத்தத்தை மட்டும் வைத்து அவர் எழுதிய கவிதைகள் உண்டு. மொழிபெயர்க்கவே வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். அதை வாசித்துவிட்டுப் பிள்ளைகளிடம் டெல்லிப் பறவைகளைச் செய்யச் சொன்னோம். மைனா, பச்சைக்கிளி, ஒரு பையன் பருந்து. லத்தீன் அமெரிக்கா என்றால் ஸ்பானிஷ் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கும் அன்று ஒரு விஷயம் தெரிந்தது. அதற்கு அடியில் இப்படி எத்தனையோ மொழிகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

பெரிய பிள்ளைகளுக்குப் பிரேசிலின் செசீலியா மெய்ரெலெஸ். 1953-ல் இந்தியாவுக்கு வந்தவர், டெல்லிப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. காந்தி இறந்தபோது ஓர் இரங்கல் கவிதை எழுதினார், இந்தியப் பயணத்தை வைத்து ஒரு முழுத் தொகுப்பே எழுதினார்.

கேள்வி: கூடம் கிடைக்கவில்லை. வாடகை கொடுக்கவும் வசதி இல்லை.
(வாசகர், ரோகிணி)

பதில்: நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ வழிக் கவிஞர்களின் பேர்போன கூடமான நூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே, 1970-களில் மிகேல் அல்கரீன் வீட்டு வரவேற்பறையில்தான் ஆரம்பித்தது. பாய் விரியுங்கள்.

கேள்வி: நான் ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்பில் இருந்தவள். 2025 ஜூனில் இடித்துவிட்டார்கள், இப்போது நரேலாவில் இருக்கிறோம். வீட்டு வேலை செய்கிறேன். படிப்பு எட்டாவது. உங்கள் கூட்டத்துக்கு எங்களை மாதிரி ஆட்கள் வரலாமா? வந்தாலும் புரியுமா?
(வாசகி, நரேலா)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதற்குத்தான் நிறைய எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பெத்ரோ பியேத்ரி என்று ஒருவர். போர்ட்டோ ரிக்கோவில் 1944-ல் பிறந்து நியூயார்க்கின் ஏழைப் பகுதியில் வளர்ந்தவர். ‘போர்ட்டோ ரிக்கோ மரண அறிவிப்பு’ என்ற நீண்ட கவிதையை 1969-ல் தெருப் போராட்டக்காரர்களின் கூட்டமொன்றில் வாசித்தார், பிறகுதான் அது புத்தகமானது. அதில் ஹுவான், மிகேல், மிலாக்ரோஸ், ஓல்கா, மனுவேல் என்று ஐந்து பேர். வேலைக்கு ஒருநாளும் தாமதமாகப் போகாதவர்கள், ஏசினாலும் எதிர்த்துப் பேசாதவர்கள், சம்பளத்துக்கு மேலே உழைத்தவர்கள், கடனோடு செத்தவர்கள். கடைசியில் அவர்களை அவர்கள் மொழியிலேயே செல்லமாகக் கூப்பிடுகிற, யாரும் மட்டமாகப் பார்க்காத ஓர் இடத்தைக் கவிதை கற்பனை செய்து பார்க்கிறது. இது யாருக்குப் புரியும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் கூடத்தில் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும், நான் சும்மா சொல்லவில்லை.

ஹூலியா தே புர்கோஸ் என்று இன்னொருவர், தன் ஊர் ஆற்றைக் காதலனாகப் பாடியவர். 1953-ல் நியூயார்க் தெருவில் மயங்கி விழுந்து இறந்தார். கையில் அடையாளக் காகிதம் இல்லை, யார் என்று தெரியாமல் அநாதைப் பிணங்களோடு புதைத்துவிட்டார்கள். நண்பர்கள் தேடிக் கண்டுபிடித்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். ரேஷன் கார்டும் ஓட்டர் அட்டையுமாக வரிசையில் நின்று, நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தவர்களுக்கு அந்தக் காகிதம் இல்லாத கை என்ன என்று தெரியும்.

நீங்கள் வரலாமா என்று கேட்டீர்கள். நரேலாவிலிருந்து மயூர் விகாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் வருவது என்றால் உங்களுக்கு இருக்கிற ஒரே ஓய்வு நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அதனால் இந்த மாதம் நாங்கள் அங்கே வருகிறோம். நான்கு பேர் வருவோம், ஸ்பானிஷ் வாசிக்கிற பெண்ணும் வருவார். பியேத்ரியின் கவிதையில் ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வேண்டும். ஐந்து பேரை நீங்கள் சேர்த்து வையுங்கள், படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து வாசித்துவிடலாம். மத்தியானம் மூன்று மணி, மாடியோ வாசலோ எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே. எந்த பிளாக், எந்தப் படிக்கட்டு என்று மட்டும் எழுதிப் போடுங்கள்.